ஒப்பீட்டுக்கு உகந்ததல்ல

எந்திரம் ஒரு மணி நேரத்தில் எண்ணைச் சொல்லிவிடும்.
இருந்தும், சந்தேகத்துக்குரிய இரத்தங்களுக்கு
ஹைக்கே இன்னும் அகார் காய்ச்சுகிறாள்.
தட்டில் ஊற்றி, இறுகவிட்டு,
குழிகள் வெட்டுவாள்:
நடுவில் ஒன்று, சுற்றிலும் ஆறு.
எனக்குப் பணியாரச் சட்டி ஞாபகம் வந்தது.
சொல்லிப் புரியவைக்க
என் ஜெர்மன் அன்று போதவில்லை.

நடுக்குழியில் பூஞ்சையின் சாறு.
மற்றவற்றில் மனிதர்கள்,
பெயர் இல்லாமல், எண்ணாக.
ஈரப்பெட்டியில் மூடிவிட்டு
வீட்டுக்குப் போய்விடுகிறோம்.
இரவெல்லாம் அந்த வழவழப்புக்குள்
இரண்டும் ஒன்றை நோக்கி ஒன்று ஊர்கின்றன.
முன்பின் பார்த்திராதவை என்றால்
கடந்து போய்விடும்,
ஓபர்பார்மன் நடைமேடையில் ரயில் மாறும் கூட்டம் மாதிரி.
பார்த்தவை என்றால் நின்றுவிடும்.
நின்ற இடத்தில் ஒரு வெள்ளைக் கோடு,
நகம் கீறிய அளவு.

4417: கோடு.
மருத்துவர் ஓரத்தில் எழுதிக் கேட்கிறார்,
இப்போதா, எப்போதோவா?
கோட்டுக்குத் தேதி தெரியாது.
யார் வென்றது, எந்த மழைக்காலம், எத்தனை இரவு இருமல்,
ஒன்றும் தெரியாது.
சந்தித்திருக்கிறார்கள் என்று மட்டும்
சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும்.

ஒவ்வொரு தட்டிலும்
பூஞ்சையை அறியாத இரத்தம் ஒன்றும் வேண்டும்,
கோடு விழாது என்று நம்பி வைக்கிற ஆறாம் குழி.
பழைய இருப்பு தீர்ந்துபோன வாரம்
நான்தான் கையை நீட்டினேன்.
எனக்கென்ன,
தும்மல்கூட இல்லாத உடம்பு.

மூன்றாம் நாள்.
சன்னலுக்கு வெளியே
வுப்பர் ஆற்றின் தலைக்கு மேல்
தொங்கும் ரயில் நனைந்துகொண்டு போகிறது.
கறுப்புத் தாளின் மேல் தட்டைச் சாய்த்துப் பார்க்கிறேன்.
ஆறாம் குழி.
4417ஐ விடத் தடிப்பாக.

பிழை, என்றாள் ஹைக்கே.
புதுத் தட்டு, புதுக் குழி, மறுபடி மூன்று நாள்.
மறுபடி அது.

பார்மனில் ஒரு நிலவறை வீடு.
சன்னலில் ஊரார் கணுக்கால்கள் மட்டும் நடக்கும்.
அலமாரியை நகர்த்திய அன்று
சுவரில் கரும்பச்சையாய் ஒரு வட்டம்,
அதற்குள் இன்னொன்று, அதற்குள் மயிர் போல ஏதோ.
வீட்டுக்காரர் ஷ்டுக்கென்ப்ரோக் குனிந்து பார்த்தார்.
'தினமும் சோறு வேகவைக்கிறீர்கள்.
ஆவி உங்களுடையது.
சன்னலைத் திறந்து வையுங்கள்' என்றார்.
திறந்து வைத்தோம்.
பனி உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்தது.
இரண்டு குளிர்காலம்.
காலி செய்தபோது
வெள்ளையடிக்க என்று முன்பணத்தைப் பிடித்துக்கொண்டார்.
நாணயமானவர்.
அடித்தார்.

ஆனால் நானும் நியாயமாக இருக்க வேண்டும்.
இது குப்பைத்தொட்டியின் மூடியிலிருந்தும் வந்திருக்கலாம்.
ஏழு வருடமாக நான் இங்கே திறந்து மூடும்
பூஞ்சைத் தட்டுகளிலிருந்தும்.
இந்தக் கோட்டை
எந்த வழக்குக்கும் சாட்சியாகக் கூட்டிப்போக முடியாது.
அதற்கு முகவரி தெரியாது.
எனக்குத் தெரியும், அது வேறு.

பதிவேட்டில் என் எண்ணுக்கு எதிரே
என் கையாலேயே எழுதினேன்:
ஒப்பீட்டுக்கு உகந்ததல்ல.
4417க்கு எழுதியது:
உண்டு. காலம் கூற இயலாது.
எழுதிவிட்டு, வழக்கமில்லாத வழக்கமாய்,
அந்த எண் எந்தத் தெருவில் தூங்குகிறதோ என்று
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஹைக்கே புதிதாய்ச் சேர்ந்த லென்னார்ட்டைக் கூப்பிட்டாள்.
எங்கே வளர்ந்தாய்?
பிரில்லர் மேட்டில், மூன்றாம் மாடி.
வெயில் வருமா?
வரும், தெற்குப் பக்கம், பெரிய சன்னல்கள்.
ஏன் கேட்கிறீர்கள், என்றான்.

சட்டைக் கையை மடி, என்றாள்.